தொப்பிமுடிக்கு வந்த சம்பந்தம்

தொப்பிமுடி மலையைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, ஏறிப் போய்ப் பாக்கறது. மூச்சு வாங்கும், அட்டை கடிக்கும், ஆனா கண்டது நெசமா இருக்கும். இன்னொண்ணு, மலைக்கு நேர் கீழே தேயிலை எஸ்டேட்டுல குடியிருக்கற சீனிச்சாமியைக் கேக்கறது. ஒரு காப்பி வாங்கிக் குடுத்தாப் போதும், உக்காந்த எடத்துலயே உச்சி வரைக்கும் போயிட்டு வந்திரலாம். நெசம் மட்டும் கூட வராது.

அந்தச் சீனிச்சாமியோட தங்கச்சி ராக்கம்மா. அவ மகன் குருவையா, டீ பேக்டரியில பிட்டர். வயசு ஏறிக்கிட்டே போகுது, கல்யாணம் மட்டும் ஆகலை. பையன் மேல ஒரு குத்தமும் கெடையாது. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீடு பாக்கணும்னு மலையேறி வருவாங்க. தாய்மாமன்ங்கற முறையில சீனிச்சாமி எதிரே வந்து உக்காருவாரு. அடுத்த பஸ்ஸுல அவங்க எறங்கிப் போயிருவாங்க. அவ்வளவுதான் விஷயம்.

மொத சம்பந்தம் தேனிக்காரங்க. இங்க மார்கழியில பொழுது சாஞ்சா யாரும் கண்ணைச் சிமிட்டக் கூடாது, மூடின இமை மறுநாள் வெயில் வந்தாத்தான் திறக்கும்னு மாமா அவங்களுக்கு எடுத்துச் சொன்னாரு. ரெண்டாவது கம்பத்துக்காரங்க. குளிக்கறப்போ தலையில ஊத்தற தண்ணி பாதி வழியில நின்னு, எறங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கும்னாரு. எம் மக தினம் ரெண்டு வேளை குளிக்கறவன்னு சொல்லிட்டுப் பொண்ணோட அம்மா எந்திரிச்சுட்டாங்க.

மூணாவதா வந்ததுதான் சாத்தூர்ப் பக்கத்துச் சம்பந்தம். இதைத் தரகர் கொண்டாரலை. குருவையாவே ஒரு கூட்டாளி கல்யாணத்துல பாத்த பொண்ணு. பேரு சந்தனமாரி, தையல் சொல்லிக் குடுக்கறவ. பந்தியில எதிரெதிர உக்காந்து சாப்புடறப்போ, உங்க ஊர்ல குளிருமான்னு அவதான் மொதல்ல கேட்டா. குளிரும்னான். நல்லதாப் போச்சு, எனக்கு வேர்வைதான் ஆகாதுன்னா. அன்னைக்குச் சாப்பாட்டுல உப்பு இருந்துச்சா இல்லையான்னு குருவையாவுக்கு இன்னி வரைக்கும் தெரியாது. கட்டினா இவளைத்தான் கட்டுவேன், இல்லேன்னா யாரும் வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லிட்டான்.

சந்தனமாரிக்கு அம்மா கெடையாது. வளத்தது அத்தை வெள்ளைத்தாய். அப்பா செண்பகமூர்த்தி நல்ல மனுஷன்தான், ஆனா அக்கா தலையாட்டாம அவரு தலை ஆடாது. அந்த அக்காவோ ஏழெட்டு மாப்பிள்ளைய வேண்டாம்னு ஒதுக்கினவ. அத்தை உங்க வீட்டுல கை நனைச்சிருச்சுன்னா கல்யாணம் நடந்த மாதிரிதான்னு சந்தனமாரி போன்ல சொல்லியிருந்தா. அவங்க பக்கத்துல அது ஒரு கட்டுப்பாடு. மாப்பிள்ளை வீட்டைப் பாக்கப் போனா, மனசுக்குப் பிடிச்சு முடிவு பண்ற வரைக்கும் அங்க ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. குடிச்சா சம்மதம். குடிக்காம எந்திரிச்சா வேற எடம் பாத்துக்கங்கன்னு அர்த்தம்.

அதனால ராக்கம்மா, அவங்க வர்றதுக்கு மொத நாளே அண்ணனை நிக்க வச்சு, சூடம் ஏத்தி, சத்தியம் வாங்கிட்டா. மலை, மழை, குளிர், காத்து, எதைப் பத்தியும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாய் சும்மா இருக்க மாட்டேன்னு அடம்பிடிச்சா, மாப்பிள்ளையைப் பத்தி நாலு வார்த்தை ஏத்திப் பேசணும். எல்லா வீட்டுலயும் தாய்மாமனுங்க அதைத்தானே செய்யறாங்க. மாமா சூடத்தைக் கையால அணைச்சு, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்னாரு.

விருந்தாளிங்க வந்த அன்னைக்கு நல்ல வெயில். வருஷம் பூரா மேகத்தைப் போத்திக்கிட்டு நிக்கற தொப்பிமுடி அன்னைக்குன்னு பாத்து மொட்டைத் தலையோட பளிச்சுன்னு நின்னுச்சு. நமக்கும் ஒரு சாமி இருக்குன்னு குருவையா நெனச்சுக்கிட்டான். ராக்கம்மா கேசரி, வடை, காப்பி எல்லாத்தையும் கொண்டாந்து ஸ்டூல் மேல வச்சா. வெள்ளைத்தாய் பையிலேருந்து தண்ணி பாட்டிலை எடுத்து மடியில வச்சுக்கிட்டா, ஊர்லேருந்தே பிடிச்சுட்டு வந்த தண்ணி. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கிட்டே வந்த செண்பகமூர்த்தி, சூடா இருக்கற காப்பியைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டாரு. தொடலை.

மாமா நல்ல பிள்ளையா மூலையில உக்காந்திருந்தாரு. பேச்சு வந்துரக் கூடாதேன்னு வாய் நெறைய வெத்தலையை வேற அடைச்சு வச்சிருந்தாரு. இன்னும் அரை மணி நேரம் இப்படியே ஓடிட்டாப் போதும்னு குருவையா வேண்டிக்கிட்டிருந்தான். அப்பத்தான் வெள்ளைத்தாய் ஜன்னல் வழியா வெளிய பாத்தா.

"இதுதான் அந்தத் தொப்பிமுடியாக்கும்? எங்க ஊரு கமிஷன் கடையில பருத்தியைக் குமிச்சா இதைவிட உசரமா இருக்குமே, அண்ணாச்சி. குளிரும்னாங்கன்னு நான் சால்வையை வேற இரவல் வாங்கிட்டு வந்தேன்."

குருவையாவுக்கு வயித்துல பாலை வாத்த மாதிரி இருந்துச்சு. குளிரே இல்லைன்னு பொண்ணு வீட்டுக்காரங்களே சொல்லிட்டாங்க, இனி என்ன வேணும். ராக்கம்மாகூட, ஆமா மதினி, உங்க ஊர் மாதிரிதான் இங்கயும்னு ஒத்து ஊதினா. அப்புறம்தான் ரெண்டு பேரும் மாமா மூஞ்சியைப் பாத்தாங்க. அவரை நாலு பேர் முன்னாடி செருப்பால அடிச்சிருந்தாக்கூட அப்படி ஆயிருக்க மாட்டாரு. எந்திரிச்சு வெளிய போனாரு, வெத்தலையைத் துப்பினாரு, வாயைக் கொப்புளிச்சாரு, நாற்காலியை இழுத்து வெள்ளைத்தாய்க்கு நேர் எதிரே போட்டு உக்காந்தாரு.

"தாயி, நீங்க பாக்கறது மலையோட முழங்காலு. இடுப்பே இன்னும் மேல இருக்கு."

ராக்கம்மா கண்ணைக் காட்டினா. சூடம் ஏத்தின தட்டைத் தூக்கிக் காட்டினா. மாமா கண்ணுக்கு அதெல்லாம் படலை. தலை எங்கன்னா, பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிலா வந்து முட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அங்கதான் இருக்குன்னாரு. அப்படியே விட்டா விடியாது. அதனால எஸ்டேட்டுல அதுக்குன்னே ஒரு ஆளைப் போட்டிருக்கு. நீள மூங்கிலைக் குடுத்து நிலாவை ஓரமாத் தள்ளிவிடறதுதான் அவன் வேலை. அவன் அப்பனும் அதே வேலைதான் பாத்தான், வாரிசு வேலை.

அமாவாசைக்கு அவன் என்ன செய்வான்னு வெள்ளைத்தாய் கேட்டா. லீவுன்னாரு மாமா, கண் இமைக்காம.

"நல்ல உத்தியோகம். உங்க மருமகனும் நிலா தள்றவருதானா?"

"அவன் சாதா பிட்டர், தாயி. மெஷினுக்கு எண்ணெய் போடுவான், போல்ட்டு முடுக்குவான். பத்தாவதுல ஒரு தடவை பெயிலு. அது கெடக்கட்டும், காத்தைப் பத்திக் கேளுங்க."

என்ஜினியர் மாதிரின்னு சொல்லச் சொல்லி ராக்கம்மா நாலு நாளா ஓதியிருந்தா. குருவையா குனிஞ்சு தரையைப் பாத்துக்கிட்டான். மாமா காத்துக்குள்ள போயிட்டாரு. ஒரு ஆடி மாசம் தொப்பிமுடியிலேருந்து எறங்கின காத்து மலைப் பாதையில இருந்த கொண்டை ஊசி வளைவுல மூணைப் பிடிச்சு நிமித்திருச்சு. கயிறு மாதிரி நேராக் கெடந்துச்சு ரோடு. பஸ்ஸுக்காரன் பிரேக் போட்டும் நிக்காம நேரே போடி பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்துதான் நின்னான். அப்புறம் ஆளுங்களைக் கூட்டியாந்து, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, பழையபடி மடக்கி வச்சாங்களாம்.

அது வரைக்கும் வாயே திறக்காத செண்பகமூர்த்தி, அப்படியே விட்டிருக்கலாம்ல, யாரு மடக்கச் சொன்னதுன்னு வயித்தைத் தடவிக்கிட்டே கேட்டாரு. அவரு கேட்டது நெசமான வருத்தத்துல.

மாமாவுக்கு ஒரு ஆளு கேள்வி கேட்டாலே போதும், தம்பி கேட்ட மரியாதைக்கு மஞ்சைப் பத்திச் சொல்றேன்னு ஆரம்பிச்சாரு. மஞ்சுன்னா மலைமேல எறங்கற பனிமூட்டம். எஸ்டேட்டோட கீழ் டிவிஷன்ல சின்னாண்டின்னு ஒருத்தன், விடியக்காலம் பால் கறக்கப் போனான். மஞ்சு அப்படி அப்பிக்கெடக்கு, மாடு இருக்கற எடமே தெரியலை. கைக்குத் தட்டுப்பட்டதைப் பிடிச்சு உக்காந்து கறந்தான், செம்பு நெறைஞ்சுச்சு, சொசைட்டியில கொண்டுபோய் ஊத்தினான். பாலு முதல் தரம்னுட்டாங்க. தினம் இதே கதை, கடைசியில வெயில் வந்தப்புறம் பாத்தா மாடு அடுத்த எஸ்டேட்டுல மேயுது. ஒரு மாசமா அவன் கறந்தது பூரா மஞ்சு.

வெள்ளைத்தாய் காப்பியை எட்டிப் பாத்தா. இந்தக் காப்பி மாட்டுப் பால்ல போட்டதா, மத்ததுல போட்டதான்னு கேட்டுட்டு, டம்ளரை ஒரு விரக்கடை தள்ளி வச்சா. அந்த ஒரு விரக்கடை தூரம் சாத்தூருக்கும் மலைக்கும் நடுவுல இருக்கற தூரத்தைவிட அதிகமாப் பட்டுச்சு குருவையாவுக்கு. ராக்கம்மா அவசரமா உள்ள போய், வேற காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சா. அதுவும் ஆறத் தொடங்குச்சு.

இந்த வீடு சொந்த வீடான்னு வெள்ளைத்தாய் அடுத்ததாக் கேட்டா. மாமாவுக்கு இந்தக் கேள்வியெல்லாம் நடுவுல வர்ற தும்மல் மாதிரி. கம்பெனி வீடு, வேலை முடிஞ்சா காலி பண்ணணும், கூரை ரெண்டு எடத்துல ஒழுகுதுன்னு மளமளன்னு சொல்லி முடிச்சாரு. முடிச்ச கையோட, ஒழுகுதுன்னதும் ஞாபகம் வருது, எங்க மழையைக் கேட்டீங்கன்னான்னு தொடங்கிட்டாரு.

தொப்பிமுடி உச்சியில கோடு போட்ட மாதிரி ஒரு வரப்பு இருக்கு. மேற்க நின்னா கேரளத்து மழை, கிழக்க நின்னா நம்ம பக்கத்து வெயில். இதே சீனிச்சாமி ஒரு தடவை தெரியாத்தனமா அந்த வரப்பு மேல நின்னு வெத்தலை போட்டிருக்காரு. எறங்கி வந்தா எடது மூக்குல சளி, வலது கையில வேர்க்குரு. மீசையில ஒரு பக்கம் சொட்டுது, இன்னொரு பக்கம் காய்ஞ்சு நொறுங்குது. டாக்டரு ஒரு பாதிக்குக் கஷாயமும் இன்னொரு பாதிக்கு மோரும் குடுத்தாரு.

"உச்சிக்கு மேல மழையே கெடையாது, தாயி. மேகமெல்லாம் கீழ இல்ல கெடக்கு. அங்க மழை கீழேருந்து மேல பெய்யும். குடையை விரிச்சுக் காலுக்கடியில பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்."

செருப்பு நனையாதுன்னு சொல்லுங்கன்னா வெள்ளைத்தாய். மாமா, செருப்பு நனையாது, குடுமிதான் நனையும், எப்படின்னு தெரியலைன்னாரு. அப்படி ஒரு விஷயம் தனக்கே புரியலைன்னு அவரு ஒத்துக்கிட்டதைக் கேட்டு, செண்பகமூர்த்தி கொஞ்சம் நம்பற மாதிரி தலையை ஆட்டினாரு. அக்கா திரும்பிப் பாத்ததும் நிறுத்திக்கிட்டாரு.

அடுத்தது குளிரு. குருவையா கையெடுத்துக் கும்புடாத கொறையாப் பாத்தான். ஆனா அந்த அம்மாவே, அவ்வளவு உசரம்னா குளிரும் இருக்கணுமேன்னு எடுத்துக் குடுத்தா என்ன செய்யறது. ஆபீஸ்காரங்க ஒரு தடவை உச்சியில குளிர் அளக்கற குழாயைக் கொண்டுபோய் மாட்டினாங்களாம். உள்ள இருந்த பாதரசம் எறங்குச்சு, எறங்குச்சு, குழாய் முடிஞ்சும் நிக்கலை. கண்ணாடியைத் தொளைச்சு, பலகையைத் தொளைச்சு, பாறைக்குள்ள பூந்து எறங்கிக்கிட்டே போயிருச்சு. கடைசியில அடிவாரத்துல ஒரு வாழைத் தோப்புல குளிர் தாங்காம வெளிய வந்து உருண்டுக்கிட்டிருந்துச்சு. சாக்குல அள்ளிக்கிட்டு வந்தாங்க.

அம்மாடி, அப்படிக் குளிர்ற எடத்துல ஆம்பிளைங்க சூடு ஏத்திக்காம இருக்க மாட்டாங்களேன்னு வெள்ளைத்தாய் இழுத்தா. மாப்பிள்ளை எப்படின்னும் கேட்டா.

"போன தீபாவளிக்கு ஒரே ஒரு தடவை. கூட்டாளிங்க ஊத்திவிட்டுட்டாங்க. பேக்டரி வாசல்ல விழுந்து கெடந்தான், நான்தான் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தேன். ரெண்டு நாளு வாந்தி. அதுக்கப்புறம் இஞ்சி மிட்டாயைக்கூடத் தொட மாட்டேங்கறான். நான் பாதரசத்தைச் சொல்லிக்கிட்டிருந்தேன்ல."

பூமி பொளந்து தன்னை முழுங்கிரக் கூடாதான்னு இருந்துச்சு குருவையாவுக்கு. ராக்கம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. மாமாவுக்கு இப்ப உச்சம் ஏறிடுச்சு, நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. இதெல்லாம் தூசி, தாயி, தொப்பிமுடி உச்சியில நின்னா மேற்க நேத்து சூரியன் இன்னும் முழுசா எறங்கியிருக்காது, கிழக்க இன்னைக்குச் சூரியன் ஏறிரும்னாரு. நேத்துச் சாயங்காலமும் இன்னைக்குக் காலையும் ஒரே நேரத்துல நடக்கும். ராச்சோறும் இட்லியும் ஒண்ணாத் திங்கலாம். அங்க ஆடு மேய்ச்ச ஒருத்தன் செவ்வாயும் புதனும் சேந்து வந்ததுல குழம்பி, தான் பொறக்கறதுக்கு மொத நாளே எறங்கி வந்துட்டான்.

"அப்ப இந்த ஊர்ல வயசை எப்படிக் கணக்கு வைப்பீங்க? மாப்பிள்ளைக்கு எத்தனைன்னு எழுதிக்கறது?"

"வயசுல என்ன குழப்பம்? முப்பத்தினாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது. தலைக்குச் சாயம் போட்டிருக்கான், பாருங்க, காதோரம் விட்டுப்போயிருக்கு."

முப்பத்தொண்ணுன்னு சொல்லணும்னு ராக்கம்மா நெனச்சு வச்சிருந்தது அது. அவ விசும்பிக்கிட்டே அடுப்படிக்குள்ள போயிட்டா. குருவையாவுக்கு அதுக்கு மேல தாங்கலை, எந்திரிச்சு நின்னுட்டான். மாமா முன்னாடி அவன் குரலை ஒசத்தி யாரும் கேட்டதில்லை. இப்பவும் ஒசத்தலை.

"மாமா, போதும். எனக்கு இந்தப் பொண்ணைப் பிடிச்சிருந்துச்சு. ஒரு நாள் பேசாம இருங்கன்னுதானே கேட்டோம். அது உங்களால முடியலை. மலைக்கு ஒரு சொல்லு வந்தா உங்களுக்குப் பொறுக்கலை, என் வாழ்க்கை போனா மட்டும் பரவாயில்லையா?"

மாமா வாயைத் திறந்தாரு. ஒண்ணும் வரலை. அவரு வாயிலேருந்து ஒண்ணும் வராத நாளை அந்த எஸ்டேட்டு அதுக்கு முன்னாடி பாத்ததில்லை. மருமகன் மூஞ்சியைப் பாக்க முடியாம, மடியில கெடந்த துண்டை எடுத்து மடிச்சு, பிரிச்சு, மறுபடி மடிச்சாரு. செண்பகமூர்த்தி செருப்பைத் தேடினாரு.

வெள்ளைத்தாய் எந்திரிச்சா. முடிஞ்சுது கதைன்னு குருவையா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். அவ ஆறிப்போன காப்பியைத் தொடலை. நேரா அடுப்படிக்குப் போயி, மதினி, அழுகையை நிறுத்திட்டுச் சூடா ஒரு காப்பி குடுங்கன்னு கேட்டு வாங்கி, அங்கயே நின்னு ஒரே மூச்சுல குடிச்சா. டம்ளரும் கையுமா வந்து, தம்பி, நீயும் கை நனைன்னு செண்பகமூர்த்திகிட்டச் சொன்னா. அவருக்கு ரெண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கலை, வடைத் தட்டு அதுக்குள்ள பாதி காலி.

யாருக்கும் ஒண்ணும் புரியலை. வெள்ளைத்தாயே சொன்னா.

"ஏழெட்டு வீட்டுல போய் உக்காந்து எந்திரிச்சிருக்கேன். எல்லா வீட்டுலயும் மாப்பிள்ளையைப் பத்தித்தான் புளுகினாங்க. பேங்குல இருக்கான்னாங்க, போய்ப் பாத்தா ஏ.டி.எம். வாசல்ல ஸ்டூலு போட்டு உக்காந்திருந்தான். தண்ணி போட மாட்டான்னாங்க, மாப்பிள்ளை சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வணக்கம் சொன்னான். இந்த மனுஷன் உள்ள புளுகு அத்தனையையும் மலை மேலயே கொட்டித் தீத்துட்டாரு. மாப்பிள்ளைக்குன்னு ஒரு பொய்கூட மிச்சம் வைக்கலை. பெயிலு, ஒழுகற வீடு, தலைச் சாயம், எல்லாம் தெரிஞ்சு போச்சு. எம் பொண்ணு என்ன, மலையையா கட்டிக்கப் போறா?"

சுவத்தைப் பாத்து நின்ன குருவையா இப்பத்தான் திரும்பினான். ராக்கம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டு கேசரியை எடுத்து எல்லார் கையிலயும் திணிச்சா. மாமா மட்டும் தனியா, எது புளுகு, இதுல எது புளுகுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

சித்திரையில கல்யாணம், பொண்ணு ஊர்லயே வச்சுக்கலாம்னு பேசி முடிஞ்சுது. சித்திரைன்னதும் மாமாவுக்குப் பழைய தெம்பு வந்துருச்சு. சாத்தூர்ல என்னத்தைப் பெரிய வெயில் அடிச்சிரப் போகுது, எங்க மலைக்குப் பக்கத்துல இருக்கற சூரியனை நாங்க தினம் பாக்கறவங்கதானேன்னாரு. வெள்ளைத்தாய் கேசரிக் கையைக் கழுவிக்கிட்டே திரும்பினா.

"வெயில் அப்படி ஒண்ணும் பெருசில்லை, அண்ணாச்சி. சித்திரையில எங்க ஊர்ல நிழலு வெளிய வராது, அவ்வளவுதான். கடைக்குப் போறதுன்னா மனுஷன் மட்டும் போவான், நிழலு வீட்டுக்குள்ள பாயில படுத்திருக்கும். போன வருஷம் மழை விழுந்து எல்லாரும் அவங்கவங்க நிழலை எடுக்கறப்போ, என்னுதும் எந் தம்பிதும் மாறிப் போச்சு. தைப் பொங்கல் வரைக்கும் நான் நடந்தா பின்னாடி மீசையோட வந்துச்சு."

செண்பகமூர்த்தி வடையை மென்னுக்கிட்டே, ஆமா, எனக்குக் கொண்டையோடன்னாரு.

சீனிச்சாமி வெள்ளைத்தாயைப் பாத்தாரு. செண்பகமூர்த்தியைப் பாத்தாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

"தாயி, என்ன சொன்னாலும் மனுஷன் நம்பற மாதிரி சொல்லணும்."